பாலிஷ் மெஷின் வாங்கப் போகும் தம்பிகளுக்கு

டீட்டெய்லிங் கடை போடப் போகிறேன் என்று வருகிற பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "ஏனுங்ண்ணா, எந்த மெஷின் வாங்கறதுங்?" என்றுதான். போனில் நாலைந்து படங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ஒன்று மலிவு, ஒன்று பேர்போனது, ஒன்று சிநேகிதன் சொன்னது. வாட்ஸ் எவ்வளவு, ஆர்.பி.எம். எவ்வளவு என்று பட்டியல்கூடப் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் முதலில் கேட்பேன்: கை தவறினால் இந்த மெஷின் எவ்வளவு சேதம் பண்ணும்? புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் ஒரு மெஷினை இன்னொன்றோடு ஒப்பிட இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. வேகம், விலை, பேர் எல்லாம் அதற்கு அப்புறம்.

1. மெஷினுக்கு முன்னால் மீட்டர் வாங்கு.

பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டரைச் சொல்கிறேன். கம்பெனியிலிருந்து வருகிற காரில் தகரத்துக்கு மேல் இருக்கிற பெயின்ட் மொத்தமும் சேர்ந்து பெரும்பாலும் 90-இலிருந்து 140 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் துருப்பிடிக்காமல் இருக்க பாடியை முக்கியெடுத்த அடிப்பூச்சு, பிரைமர், கலர் எல்லாம் போக, மேலே இருக்கிற கிளியர் கோட் 35, 40, மிஞ்சினால் 50. நீ செய்யப்போகிற வேலை முழுக்க அதற்குள்தான். நிதானமாகச் செய்தால் கீறலை எடுக்கிற ஒரு கரெக்‌ஷனுக்கு இரண்டு, மூன்று மைக்ரான் போகும். கிளியர் ரொம்ப மெலிந்த கார் கடையிலிருந்து போகும்போது பளபளவென்றுதான் போகும். வெயில் தாங்காமல் வெளுத்துப் பொரிந்து உரிவது பிற்பாடு.

மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும், கிளியர் மட்டும் எவ்வளவு என்று காட்டாது. அதனால் ஒரே கதவில் நாலைந்து இடம் வைத்துப் பார். எல்லா இடமும் 110, 115 என்று வந்து ஒரு மூலை மட்டும் 80 என்றால் அங்கே யாரோ முன்னாலேயே நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். 200-க்கு மேல் போனால் மறு பெயின்ட். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி. இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கிற மீட்டராக வாங்கு. சில கார்களில் பானெட் அலுமினியம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வாயே திறக்காது.

தேங்காய் துருவும்போது பழுப்பு தட்டியதும் கையை நிறுத்திவிடுகிறோம். கிளியர் கோட்டில் அந்த எச்சரிக்கை கிடையாது. பேடில் காரின் கலர் ஒட்டுகிறதென்றால் கிளியர் போய்விட்டது. அடுத்த போன் பெயின்டருக்குத்தான். பழைய அம்பாசடர் மாதிரி கிளியரே இல்லாத ஒற்றைப் பூச்சு வண்டிகள் மட்டும் விலக்கு. அவற்றில் கலர் ஒட்டத்தான் செய்யும். எந்த வகை என்று தெரியவில்லையென்றால் டிக்கி ஓரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், துணியில் துளி காம்பவுண்ட் (பாலிஷ் பசை) தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஆரம்பி.

2. ரோட்டரி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு அதைத் தொடு.

பெயின்ட் கடைகளில் பஃபிங் மெஷின் என்று சொல்வது இதைத்தான். மோட்டாரின் சுற்று கியர் வழியாக நேரே பேடுக்கு வருகிறது. பேட் ஒரே அச்சில் சுழலும், நீ எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. பொதுவாக நிமிடத்துக்கு 600-இலிருந்து 3000 சுற்று வரை வைத்துக்கொள்ளலாம். மக்கீட்டா, பாஷ், டிவால்ட், ஃப்ளெக்ஸ் எல்லோரிடமும் இந்த வகை உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார். 180 மில்லிமீட்டர் பேட் 3000-இல் சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பெயின்டைத் தேய்த்துக்கொண்டு போகிறது. நடு மையமோ அசையாமல் இருக்கிறது. வேலையும் சூடும் விளிம்பில்தான் குவியும். கண நேரம் மெஷினைச் சாய்த்துப் பிடித்து ஒரே இடத்தில் நின்றால் கிளியர் இளகி, இழுபட்டு, கருகும். பம்பரில் இன்னும் சீக்கிரம். தகரம் சூட்டை வாங்கிப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் பரப்பாது.

இன்னொரு வம்பு ஹோலோகிராம். பேட் ஒரே திசையில் சுற்றுவதால் அந்தச் சுற்றின் தடம் மெல்லிய கோடுகளாகப் பெயின்டில் பதிந்துவிடும். கடைக்குள் தெரியாது. கஸ்டமர் பெட்ரோல் பங்க்கில் வெயிலில் நிறுத்தி இறங்கிப் பார்க்கும்போது பானெட் முழுக்க நிழலாட்டமாகத் தெரியும். போன் வரும்.

3. டி.ஏ. மெஷினில் த்ரோ எவ்வளவு என்று பார்.

டூயல் ஆக்‌ஷன் என்பதைத்தான் எல்லோரும் டி.ஏ. என்கிறோம். இதில் பேட் மோட்டார் தண்டுக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருக்கும். அதனால் பேட் முழுவதும் சின்ன வட்டமாக அலைகிறது. அலைகிற வேகத்தில் பேரிங்கின் மேல் தானாகவும் சுழல்கிறது. அந்தச் சுழற்சிக்கு மோட்டாரின் நேர்ப்பிடி கிடையாது. அளவுக்கு மேல் அழுத்தினாலோ, விளிம்பில் மாட்டிக்கொண்டாலோ சுழல்வது நின்றுவிடும், வெறுமனே நடுங்கும். புதியவனுக்கு இந்தக் குறைதான் பாதுகாப்பு. கை தவறுகிற இடத்தில் மெஷினே பின்வாங்குகிறது.

அந்தச் சின்ன வட்டத்தின் குறுக்களவுதான் த்ரோ. அமெரிக்காவில் பலர் கற்றுக்கொண்ட போர்ட்டர் கேபிள் 7424 எக்ஸ்பி மெஷினில் அது 8 மில்லிமீட்டர். இத்தாலியில் மிலான் பக்கம் 1947-இல் தொடங்கிய ரூப்பெஸ் கம்பெனி பிக்ஃபுட் என்ற பெயரில் 15, 21 மில்லிமீட்டர் மெஷின்களைக் கொண்டுவந்த பிறகு தொழிலே மாறிப்போயிற்று. இப்போது மேக்ஸ்ஷைன், ஷைன்மேட், கிரியோட்ஸ் என்று எல்லோரும் அந்த அளவுகளில் போடுகிறார்கள்.

இங்கேயும் கணக்குத்தான் பேசும். 8 மில்லிமீட்டர் த்ரோவில் ஒரு அலைவுக்குப் பேட் நகர்வது சுமார் 25 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6800 அலைவு என்றால் 170 மீட்டர். 15-இல் ஒரு அலைவுக்கு 47; அது 5000 அலைந்தால் 235 மீட்டர். 21-இல் ஒரு அலைவுக்கு 66. 4500 அலைந்தால் ஏறக்குறைய 300 மீட்டர். அதாவது பெட்டியில் போட்டிருக்கிற அலைவு எண்ணிக்கை குறையக் குறைய வேலை கூடிக்கொண்டு போகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து 8-தான் வேகமான மெஷின் என்று வாங்கி வந்து, ஒரு கதவுக்கு அரை நாள் நிற்கிறவர்கள் உண்டு.

ஆனால் த்ரோ பெரிதானால் எல்லாமே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளாதே. 21 மில்லிமீட்டர் மெஷின் சமதளத்தில் ராஜா. பம்பர் வளைவில், கதவுக் கைப்பிடிக்குக் கீழே, கண்ணாடித் தூணில் வைத்தால் துள்ளும், சுழல மறுக்கும்.

பேட் சுழல்கிறதா, நடுங்குகிறதா என்பது ஓடும்போது கண்ணுக்குப் பிடிபடாது. பேட் ஒட்டுகிற பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் தடியாக ஒரு கோடு போட்டுவை. சுழன்றால் கோடு மங்கலான வளையமாகத் தெரியும். கோடு கோடாகவே தெரிந்தால் நீ வெறும் சூட்டைத்தான் கிளப்பிக்கொண்டிருக்கிறாய்.

4. கியர் வைத்த டி.ஏ. இரண்டாம் வருஷத்துக்கு.

அலைவும் உண்டு, சுழற்சியும் கட்டாயம் உண்டு என்கிற வகை இது. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் எக்ஸ்சி 3401 இதில் பேர்போனது: 8 மில்லிமீட்டர் த்ரோ, நிமிடத்துக்கு 160-இலிருந்து 480 சுழற்சி, 3200-இலிருந்து 9600 அலைவு. வளைவிலும் நிற்காது, ரோட்டரி அளவுக்குத் தடமும் விடாது. மக்கீட்டாவின் பிஓ5000சி-யில் கட்டாயச் சுழற்சி, இயல்பான சுழற்சி இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல மெஷின்கள்தான். ஆனால் பேடைச் சமமாக வைக்காவிட்டால் கையை இழுத்துக்கொண்டு போகும். அதைப் பிடித்துப் பழகத் தோளில் பலம் வேண்டும்.

5. கிரைண்டரில் பேட் மாட்டாதே.

நாலு இஞ்சு ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றும். அதில் பஃப் மாட்டிக் காரில் வைக்கிறவனிடம் வேலை கற்காதே.

6. முதல் மெஷின் 15, அடுத்தது மூன்று இஞ்சு, 21 கடைசி.

இது என் தீர்ப்பு. சண்டை போட விரும்புகிறவர்கள் போடலாம்.

நம் ஊரில் கடைக்கு வருகிற கார்களில் பெரும்பகுதி நாலு மீட்டருக்குள் அடங்கியவை. வரிச் சலுகைக்காக நீளத்தைக் குறைத்து, அந்தக் குறைந்த நீளத்திலும் கம்பீரம் வேண்டுமென்று பக்கத்துக்குப் பக்கம் கோடும் மடிப்புமாக வளைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் சமதளம் கிடைத்தால் பெரிய விஷயம். 15 மில்லிமீட்டர் மெஷினில் ஐந்து, ஐந்தரை இஞ்சு பேடோடு இந்தக் கதவுகளில் தாராளமாக வேலை செய்யலாம். பானெட்டிலும் கூரையிலும்கூட நேரம் ரொம்பப் போகாது. மிச்சமாகிற தூண், பம்பர் மூலை, ஸ்பாய்லர் அடி, கண்ணாடி மூடி இவற்றுக்கு மூன்று இஞ்சு பேட் போடுகிற சின்ன மெஷின். இந்த இரண்டும் இருந்தால் ஒரு கடை நடக்கும். இன்னோவா, ஃபார்ச்சூனர் வரிசையாக வர ஆரம்பித்த பிறகு 21 வாங்கு.

பணம் ஒரு மெஷினுக்குத்தான் இருக்கிறது, பேர்போன இத்தாலிக்காரனா, சுமாரான சீனாக்காரனா என்று தவிக்கிறவனுக்கு: சீனாக்காரனை வாங்கி, மிஞ்சுகிற காசில் மீட்டரும், நல்ல பேடுகளும், ஒரு நல்ல லைட்டும் வாங்கு. விலை கூடிய மெஷினில் நடுக்கம் குறைவு, சத்தம் குறைவு, பேரிங் நீடிக்கும், அது உண்மை. நாள் முழுக்க பிடிக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் சாயங்காலம் விரல் மரத்துப்போவதில் தெரியும். ஆனால் மாதத்துக்கு நாலு கார் வருகிற கடைக்கு அது அவசரமில்லை.

7. ரோட்டரியை ஒதுக்கியும் வைக்காதே.

இப்போதைய பிள்ளைகள் ரோட்டரி என்றாலே பேயைப் பார்த்தது போல விலகுகிறார்கள். அதுவும் தப்பு. மறு பெயின்ட் அடித்த பேனலில் தூசி நிற்கும், ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம் இருக்கும். அதை 1500, 2000 பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தபின், அந்த பேப்பர் கோட்டை எடுக்கக் கம்பளி பேட் போட்ட ரோட்டரிதான் விரைவு. ஆயிரம், ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. அதன்பின் டி.ஏ. போட்டு ஹோலோகிராமை எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பழகுவதற்குக் கஸ்டமர் கார் எதற்கு? உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பழைய பானெட் ஒன்று வாங்கிவந்து ஸ்டாண்டில் சாத்து. கறுப்பு கிடைத்தால் ரொம்ப நல்லது. அதில் வேண்டுமென்றே ஒரு இடத்தில் நின்று கருக்கிப் பார். எவ்வளவு நேரத்தில் கருகுகிறது, கருகுவதற்கு முன் காம்பவுண்ட் எப்படி உலர்ந்து திரிகிறது, கைக்கு எப்படி ஒட்டுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பிறகு மடிப்புக் கோட்டில் பழகு. பெயின்ட் காய்கிறபோது கோட்டின் உச்சியை விட்டு இரண்டு பக்கமும் வழிந்து இறங்கிவிடுவதால் அங்கே கனம் எப்போதுமே குறைவு. பேட் சுழன்று விளிம்பைத் தாண்டி வெளியே இறங்குகிற மாதிரி வை. வெளியிலிருந்து விளிம்பில் மோதி ஏறுகிற மாதிரி வைக்காதே. கஸ்டமர் காரில் கோடுகளுக்கு மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டே ஆரம்பி.

8. இரண்டு மெஷினை ஒப்பிட வேண்டுமா? ஒரே பேடில் ஒப்பிடு.

ஒருவன் கம்பளி பேடில் ஒரு மெஷினையும், ஸ்பாஞ்சு பேடில் இன்னொன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முதலாவது நன்றாக வெட்டுகிறது என்பான். வெட்டியது கம்பளி. வேலையில் பாதிக்கு மேல் பேடும் காம்பவுண்டும்தான் செய்கின்றன. மெஷினின் குணம் தெரிய வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைக்க வேண்டும்.

பழைய பானெட்டில் நடுவே டேப் ஒட்டி இரண்டாகப் பிரி. இரண்டு பக்கமும் கழுவி, கிளே போட்டுச் சுத்தம் செய். முக்கால் முழம் சதுரமாக ஒவ்வொரு பக்கமும் ஒரு கட்டம் குறி. ஒரே மாதிரி புதுப் பேட் இரண்டு, ஒரே காம்பவுண்ட், முதலில் பேட் முழுக்க மெல்லத் தடவி, பிறகு பட்டாணி அளவில் மூன்று நாலு சொட்டு. மெஷினை அதன் கனத்துக்கே விட்டு, லேசாக மட்டும் அழுத்தி, நொடிக்கு ஒரு இஞ்சு வீதம் நகர்த்து. பாதிப் பாதி ஏறிவர நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, இப்படி நாலு முறை. அவசரப்பட்டுக் கையை ஆட்டினால் எந்த மெஷினும் ஒன்றும் செய்யாது. புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற பழக்கம் அதுதான்.

முடித்ததும் உடனே புறங்கையை வைத்துப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கையை எடுக்க வைத்தால் சூடு அதிகம். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து தெளித்துத் துடைத்துவிட வேண்டும். சில காம்பவுண்டுகளில் உள்ள எண்ணெயும் நிரப்பியும் கீறலுக்குள் உட்கார்ந்துகொண்டு கீறல் போன மாதிரிக் காட்டும். ஒன்றிரண்டு வாஷில் வெளியே வந்துவிடும். துடைத்த பிறகு மிஞ்சுவதே மெஷினின் வேலை. அப்போது மூன்றைப் பார்: எவ்வளவு கீறல் போயிற்று, மங்கல் எவ்வளவு விட்டிருக்கிறது, மீட்டரில் எவ்வளவு குறைந்தது. முதலாவதை மட்டும் பார்த்து மெஷின் வாங்குகிறவர்கள்தான் அதிகம். மூன்றாவதை எல்லா மீட்டரும் ஒரு மைக்ரான் துல்லியத்தில் சொல்லாது, ஆகவே ஒரே புள்ளியில் பலமுறை வைத்து எடு.

பெயின்டுக்குப் பெயின்டும் மாறும். பொதுவாக மாருதி, ஹோண்டா பெயின்ட் மெது. ஆடி, பென்ஸ் கடினம். மெதுவான கறுப்புப் பெயின்டில் முரட்டு மைக்ரோஃபைபர் பேடோடு பெரிய த்ரோ மெஷினை விட்டால் கீறல் போய், அந்த இடத்தில் புகை படிந்த மாதிரி மங்கல் வந்து நிற்கும். எந்தக் கார் வந்தாலும் முதலில் மென்மையான பேடில் ஒரு கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, போதாவிட்டால் மட்டும் முரடுக்குப் போ.

9. டியூப்லைட்டை நம்பாதே.

டியூப்லைட் வெளிச்சம் பரவி விழும், வட்டக் கீறல் தெரியாது. ஒரு புள்ளியிலிருந்து வருகிற எல்.இ.டி. லைட் வேண்டும். டெலிவரிக்கு முன் காரை வெயிலுக்குத் தள்ளிப் பார்த்துவிடு. வேலையை மட்டும் வெயிலில் செய்யாதே. சித்திரை மாதத்து பானெட்டில் காம்பவுண்ட் போட்ட நிமிஷமே உலர்ந்து பொடியாகிவிடும்.

10. பனியன் வேஸ்ட்.

திருப்பூர் வேஸ்ட் துணி ஒர்க்‌ஷாப்புக்கு நல்லது, ஆயில் துடைக்க. அதன் தையலும் நூல் முடிச்சும் பெயின்டில் புதுக் கீறல் போடும். கரெக்‌ஷன் முடித்த காரை அதில் துடைத்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நல்ல மைக்ரோஃபைபர் வாங்கு; தரையில் விழுந்ததை எடுத்துத் திரும்பத் துடைக்காதே. காரை உப்பு போர் தண்ணீரில் கழுவிக் காயவிடுவதும் அதே வகைக் காரியம். வெள்ளை வெள்ளையாகக் கறை பிடித்து, சில கறை பெயின்டையே அரித்துவிடும். பிறகு அதற்கும் சேர்த்துத் தேய்க்க வேண்டிவரும்.

11. கரன்ட் விஷயம்.

அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கிவருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அங்கே 120 வோல்ட். நம் 230-இல் சொருகினால் அன்றைக்கே புகை. கன்வெர்ட்டர் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு, இழுவைதான் மிச்சம். அந்த ஊர் ரோட்டரியின் தண்டு மரையும் வேறு. நம் கடைகளில் கிடைக்கிற எம்14 பிளேட் அதில் ஏறாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மெல்லிசான ஒயர் போடாதே, நீளம் போனால் வோல்டேஜ் இறங்கி மெஷின் சூடாகும். 1.5 ஸ்கொயர் ஒயர் போடச் சொல். பேட்டரி மெஷின் கரன்ட் போகிற ஊருக்கு வசதிதான், ஆனால் ஒரு பேட்டரியில் முழுக் கார் முடியாது. இரண்டு மூன்று பேட்டரியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடு.

12. உடம்பு.

ஒயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள், பேடுக்கு அடியில் போகாது, பெயின்டிலும் உரசாது. கழுத்துச் சங்கிலி, தொங்குகிற துண்டு, முழுக்கைச் சட்டையின் பொத்தான் எதுவும் கூடாது. வைப்பரையும் ஆன்டெனாவையும் கவனி. ரோட்டரி பேட் அவற்றைச் சுற்றிப் பிடித்தால் மெஷின் கையிலிருந்து பறந்துவிடும். பொடி மூக்குக்குள் போகாமல் மாஸ்க் போடு. பேடைப் பேனலின் மேல் வைத்த பிறகே ஸ்விட்சைப் போடு, எடுப்பதற்கு முன் அணை. இல்லாவிட்டால் காம்பவுண்ட் உன் சட்டை, சுவர், பக்கத்துக் கார் எல்லாவற்றுக்கும் போகும்.

13. பழைய மெஷின் வாங்குகிறாயென்றால் இதைப் பார்த்து வாங்கு.

டயலை ஒன்றிலிருந்து ஆறு வரை மெல்லத் திருப்பு; வேகம் படிப்படியாக ஏற வேண்டும், நடுவில் குதிக்கக் கூடாது. பேட் மாட்டி ஒரு பழைய பேனலில் அழுத்திப் பார். அழுத்தியதும் சத்தம் சோர்ந்து இறங்கினால் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற எலக்ட்ரானிக்ஸ் இல்லை, அல்லது போய்விட்டது. பிளேட்டைப் பிடித்து ஆட்டு, டி.ஏ.-யில் லொடலொடத்தால் பேரிங் போயிருக்கிறது. பிளேட் அந்த மெஷினோடு வந்த அளவுதானா என்று கேள். டி.ஏ.-யின் உள்ளே உள்ள எதிர் எடையை அந்த பிளேட்டுக்கும் பேடுக்கும் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள். வேறு அளவு மாட்டி ஓட்டியிருந்தால் நடுக்கம் கூடி பேரிங்கைத் தின்றிருக்கும். பிளேட்டின் வெல்க்ரோ கொக்கிகள் சூட்டில் உருகிப் படுத்திருந்தால் பேட் ஓட்டத்தில் கழன்று பறக்கும். அது புதிதாக வாங்க வேண்டிய செலவு, விலையில் கழித்துக்கொள். கடைசியாக, பக்கவாட்டு மூடியைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷைப் பார். தேய்ந்திருந்தால் பரவாயில்லை, கொஞ்சக் காசுதான். ஆனால் அந்த மாடலுக்கு பிரஷ் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடு.